நீல வரிசைக்குப் படிகாரம்

ஜீப் இன்னும் பெர்னாண்டஸ் டீச்சர் வீட்டு வாசலில்தான் நின்றது. மேல் வளைவில், தன் தோட்டத்து வேலியோரம் குத்துக்காலிட்டு ஜெரேனியத்தில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்த உலகம்மாளுக்கு அதன் பச்சைக் கூரை நன்றாகத் தெரிந்தது. ஒரு வீட்டுக்கு இருபது நிமிஷம் என்று கணக்கு. டீச்சர் வீட்டில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது, நாலு தொட்டி ரோஜாவும் ஒரு சிமென்ட் கொக்கும். அடுத்து இங்கேதான். வரட்டும், வரட்டும். மலைத்தோட்டக் கழகத்து நடுவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரை பிறந்து ஒரு வாரத்தில், குன்னூர் மேடுபள்ளமெல்லாம் ஏறி இறங்கி வீட்டுத் தோட்டங்களைப் பார்ப்பார்கள். செடியைப் பார்த்து ஒரு மார்க், வளர்த்தவரிடம் கேள்வி கேட்டு ஒரு மார்க். ஏழு கோப்பைகள் இந்த வீட்டுக்கு வந்திருக்கின்றன. ஏழும் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருக்கின்றன, ஏழிலும் திரு. ஆ. சிதம்பரநாதன் என்று செதுக்கியிருக்கிறது. சிதம்பரநாதன் அவளுடைய புருஷன். தேயிலைக் கம்பெனி ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். செடிகளுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் காலையில் அவற்றுக்கு நடுவே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பது. அந்தக் கோப்பைகளைப் புளி போட்டுத் துலக்குகிறவளும் அவள்தான். துலக்கும்போது ஆ-வன்னா என்ற எழுத்தின் சுழியில் கறுப்பு ஏறி நிற்கும். ஊக்கை விட்டு நோண்டி எடுக்க வேண்டும். எடுத்திருக்கிறாள், இத்தனை வருஷமாக, சிரத்தையாக, வேறு வேலையில்லாத கழுதை. இந்த வருஷம் கேள்விக்கு அவர் தப்பாகப் பதில் சொல்லப் போகிறார். தப்பாகச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அதை நினைத்தபோது வருவது பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை, பார்க்கவும் இஷ்டமில்லை. ஜெரேனியம் இலையைக் கசக்கி மோந்தாள். எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடை அவளுக்குப் பிடிக்கும். மண் கையோடு மூக்கைத் தொடுகிறாளே என்று அவருக்குப் பிடிக்காது.

வருஷா வருஷம் இது நடக்கும். நடுவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே படிப்பு ஆரம்பமாகிவிடும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். பிறகு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பரீட்சைப் பிள்ளை மாதிரி உருப்போடுவார். அகபாந்தஸை எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து நடணும்? அஞ்சு. நெருக்கினால் பூக்குமா பிரிச்சால் பூக்குமா? நெருக்கினால். சாமந்தித் தண்டை எந்த மாசம் ஒடிச்சு வைக்கணும்? இதையெல்லாம் அவள் யாரிடமும் படித்ததில்லை. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் தென்காசி வெயிலிலிருந்து வந்து இந்தக் குளிரில் இறங்கியபோது அவளுக்குத் தெரிந்த செடி அரளியும் நந்தியாவட்டையும். இங்கே மண்ணே வேறு, கறுப்பாக, புளித்த வாடையோடு, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று. முதல் வருஷம் வைத்ததெல்லாம் செத்தது. இரண்டாம் வருஷம் பாதி செத்தது. ஏன் சாகிறது என்று கேட்க ஆளில்லாமல் பிடுங்கிப் பிடுங்கி வேரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஒரு வருஷம் பூத்து அதோடு போகிற செடிகள் மேல் அவளுக்கு ஆசையே கிடையாது. நட்ட இடத்தில் நின்று, வெட்டினால் பொறுத்து, குளிரில் முடங்கி, மறுபடி தன் காலத்தில் தலை தூக்குகிற செடிகள்தான் அவளுக்கு வேண்டும். ஹைட்ரேஞ்சியா அப்படிப்பட்ட செடி. அதுவும் அந்தப் பதினோரு செடி வரிசை, வாசலிலிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் ஐந்து நீலம், அந்தப் பக்கம் ஐந்து ரோஸ், நடுவில் ஒன்று இரண்டுக்கும் பொதுவாக, ஒரே கொத்தில் இரண்டு நிறமும் கலந்து. வழியில் போகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள். மகள் வடிவு புனேயிலிருந்து வரும்போதெல்லாம் எடுத்து, அப்பாவின் நீலப் பூக்கள் என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்புவாள். அம்மா எங்கே என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். படத்தில் அவளும் இருப்பாள், ஓரத்தில், சேலைத் தலைப்புக்குள் கையை ஒளித்துக்கொண்டு.

யாரைச் சொல்லிக் குற்றம்? முதல் வருஷம் அந்த விண்ணப்பத்தை வாங்கி வந்தவளே அவள். மார்க்கெட்டுக்குப் போனவள் விதைக்கடையில் வாங்கி மடித்துக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பால்பாயின்ட் பேனாவால் நிரப்பினாள். செடிகளின் வகை, இடத்தின் அளவு எல்லாம் ஒழுங்காக எழுதிக்கொண்டே வந்து, வளர்ப்பவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. அவர் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை, இன்றுவரை சொன்னதில்லை. அவள் பிறந்த வீட்டில் யாரும் புருஷன் பெயரைச் சொல்வதில்லை, அம்மா சொன்னதில்லை, அக்கா சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால், தில்லையில ஆடுதாரே அவர் பேருதான் என்பாள். கோயம்புத்தூர்க்காரப் பையன் முழித்துவிட்டு, பாட்டி கார்டைக் காட்டுங்க என்பான். ஆனால் எழுதலாம். எழுதுவதில் தப்பில்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது ஒரு கிறுக்கு ஆசை வந்தது, ஐம்பது வயதுக்கு மேலே, கல்யாணமான புதிது போல. யாருக்கும் தெரியாமல் அந்தப் பெயரை முழுசாக, அழகாக, கொம்பு சுழியெல்லாம் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும் என்று. எழுதினாள். எழுதிவிட்டு முகம் சூடானதுகூட ஞாபகம் இருக்கிறது. அசட்டுத்தனம். அந்த ஒரு நிமிஷத்து வெட்கத்துக்கு எத்தனை வருஷம் வட்டி கட்டியாயிற்று. அவர் அதை வாங்கிப் பார்த்தார். உன் பேரை எழுதலையா என்று கேட்கவில்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இத்தனை காலத்துக்குப் பிறகும் அவளுக்கு ஆறாத விஷயம். தோன்றியும் விட்டிருந்தால் திருட்டு என்று சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். தோன்றாதவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

கீழே ஒரு கதவு அடித்துச் சாத்தியது. எழுந்து பார்த்தாள். யாரோ ஜீப்பிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போகிறார்கள். மூட்டு கடகடத்தது. இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் தை மாசத்திலிருந்து மரத்துப் போயிருக்கின்றன. கத்தரியைப் பிடித்தால் பிடித்த மாதிரியே தெரிவதில்லை. நரம்பு என்றார் டாக்டர். கழுத்தில் ஆரம்பித்து வருகிறது, படம் எடுத்துப் பார்க்கணும் என்றார். அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும், தோட்டத்து வேலையைக் குறைச்சுக்கோ என்பார், அவ்வளவுதான், குறைத்தால் யார் செய்வார்கள் என்பது அவர் கணக்கில் வராது. கை போய்விட்டால் என்ன செய்வது. கையோடு போகாமல் ஆளே போய்விட்டால்? அதையும் அவள் யோசித்துப் பார்த்துவிட்டாள், பல் தேய்க்கும்போது, வெண்டைக்காய் நறுக்கும்போது, எந்நேரமும். அவர் அகபாந்தஸுக்குத் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அழுகவைப்பார். நிழல் கேட்கிற ஃபியூஷியாவை வெயிலில் தூக்கி வைப்பார். ஒரே வருஷத்தில் புல் மண்டிவிடும். வருகிறவர்கள் அதைப் பார்த்து, பாவம், சம்சாரம் போன துக்கத்துல மனுஷன் செடியக்கூடக் கவனிக்கலை என்பார்கள். அவள் செத்து, அவள் செடிகள் செத்தால், அதிலும் பெருமை அவருக்குத்தான். இதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒன்று.

ஏற்கெனவே ஒரு முறை நடந்ததுதானே. அம்மா செத்து அவள் தென்காசியில் பதினாறு நாள் இருந்துவிட்டு வந்த மார்கழி. இவர் சும்மா இருந்திருக்கலாம். புதுக் கத்தரி ஒன்று வாங்கி, பொழுது போகாமல், பதினோரு ஹைட்ரேஞ்சியாவையும் கிராப்பு வெட்டின மாதிரி மட்டமாக வெட்டித் தள்ளியிருந்தார். அது பழைய தண்டில் பூக்கிற செடி. போன வருஷத்துத் தண்டின் நுனியில்தான் அடுத்த வருஷத்துப் பூ உறங்கிக்கொண்டிருக்கும். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் சாம்பல் மணத்தோடு, துணிப்பையைக்கூட வைக்காமல் வேலியோரம் நின்றாள். அம்மாவுக்கு அழுததைவிட அன்றைக்கு அதிகம் அழுதாள். ஊரில் அடக்கி வைத்ததும் சேர்ந்து வந்திருக்கும். "எதுக்குட்டி இப்படி அழுத? சுத்தமாத்தான வச்சிருக்கேன்" என்றார். அந்தச் சித்திரையில் ஒரு பூ இல்லை. வெறும் இலை. நடுவர்கள் வந்து நின்றார்கள். இவர் தாடையைத் தடவிக்கொண்டு, இந்த வருஷம் செடிக்கு ஓய்வு குடுத்திருக்கேன் சார் என்றார். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. கோப்பை கிடைக்கவில்லை, ஆனால் செடிக்கு ஓய்வு தரும் தோட்டக்காரர் என்று கழகத்து மலரில் போட்டோவோடு அரைப்பக்கம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அன்றைக்கே அவளுக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது, மறுநாள் பாத்திரம் கழுவும்போது. அவளுக்கு எல்லாமே மறுநாள்தான் தோன்றும். அதனால்தான் இந்த முறை முன்கூட்டியே செய்து வைத்தாள்.

ஹைட்ரேஞ்சியாப் பூவின் நிறத்தை மண்தான் முடிவு செய்யும். நீலத்துக்குப் படிகாரம், ரோஸுக்குச் சுண்ணாம்பு. இதுதான் சரி. நீலத்துக்குச் சுண்ணாம்பு, ரோஸுக்குப் படிகாரம் என்று அவரை எழுதிக்கொள்ளச் சொன்னாள். முந்தாநாள் மதியம், ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டே, குரல் மாறாமல் சொன்னாள். அவர் மறுகேள்வி கேட்காமல் எழுதினார். பதினோரு வருஷமாக வீட்டு ஜன்னலுக்கு நேரே அவள் படிகாரத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிற மனிதர். பார்த்ததில்லை. இன்று காலை சவரம் பண்ணும்போது தாடையில் கீறிக்கொண்டு, அவள் ஜாடியிலிருந்தே ஒரு படிகாரக் கட்டியை எடுத்துத் தேய்த்துக்கொண்டார். அப்போதாவது பொறி தட்ட வேண்டாமா? தட்டவில்லை. அவள் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. கோப்பை வேண்டாம், போட்டோ வேண்டாம். அவர் தப்பாகச் சொல்வார், நடுவர் நிமிர்ந்து பார்ப்பார், அப்படியானால் இதை வளர்த்தது யார் என்று கேட்பார். அவள் சொல்வாள், நான். ஒரே சொல். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான். நான்தான். நான்தான்மா. ஒவ்வொரு முறையும் குரல் வேறு மாதிரி வந்தது, ஒரு முறை பால்காரனைக் கூப்பிடுவது போல, ஒரு முறை மன்னிப்புக் கேட்பது போல. அறுபத்து மூன்று வயதில் ஒரு சொல்லைச் சொல்லப் பழக வேண்டியிருக்கிறது.

"ஏட்டி உலகு."

சிதம்பரநாதன் வாசலுக்கு வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர், காலில் அவள் துடைத்து வைத்த பூட்ஸ். அதில் மண் பட்டதே கிடையாது. கையில் காலண்டர் தாள் இருந்தது. பயந்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்தில் அவர் பயந்துதான் இருப்பார். அந்தப் பயத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் அவள் வேலியோரம் வந்து உட்கார்ந்ததே.

"ஒருவாட்டி கேட்டுக்கோ. நீலத்துக்குச் சுண்ணாம்பு. ரோஸுக்குப் படிகாரம். சரிதானட்டி?"

தாடைக் கீறலில் படிகாரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கழுத்துச் சதை தொங்கி, சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழைகிற அளவு இடமிருந்தது. எப்போது இவ்வளவு மெலிந்தார். இப்போது சொல்லிவிடலாம். மாத்தி எழுதிட்டீய அத்தான் என்றால் முடிந்தது, தலையில் அடித்துக்கொண்டு திருத்திக்கொள்வார், எட்டாவது கோப்பை வரும், ஆ-வன்னாவில் கறுப்பு ஏறும், ஊக்கை எடுப்பாள். ஊர் நடுவே ஒரு கிழவரைத் தலைகுனிய வைப்பதில் உனக்கு என்ன வந்துவிடப் போகிறது? வரும். அதுதான் பயமே. அவர் முகம் சிவப்பதைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஒருத்தி உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். அவளை உலகம்மாளுக்குச் சில மாசங்களாகத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு இருந்தவளா, இப்போது புதிதாக முளைத்தவளா, தெரியாது. காய்ச்சலில் அவர் கிடந்தபோது மூன்று ராத்திரி விழித்து நெற்றிக்குத் துணி போட்டவளும் இவளும் ஒருத்தியேதானா.

"சரிதான், அத்தான்" என்றாள்.

ஜீப் ஏறி வந்தது. இரண்டு பேர்தான் இந்த முறை. முதலில் இறங்கியவள் நாற்பது வயதுப் பெண், பிரமிளா என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தாள். விவசாயக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவளாம். அவளோடு வந்த பெரியவர், ராணுவத்தில் இருந்தவர், யாரிடமோ போனில் பேசிக்கொண்டு ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பெண் என்றதும் உலகம்மாளுக்கு உடம்பு முழுக்க ஒரு தெம்பு வந்தது. இத்தனை வருஷமும் வந்தவர்கள் ஆம்பிளைகள், இவளுக்குப் புரியும், இவள் நகத்தைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள். தலைப்புக்குள் ஒளித்திருந்த கையை வெளியே எடுத்துத் தொங்கவிட்டாள். நகக்கண்ணில் மண் இருந்தது. இருக்கட்டும், நன்றாகத் தெரியட்டும். பிரமிளா அகபாந்தஸைக் கேட்டாள், அவர் அஞ்சு வருஷம் என்றார். சாமந்தியைக் கேட்டாள், சரியாகச் சொன்னார். எழுதிக்கொண்டே வரிசைக்கு வந்து நின்றவள் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பிளந்தாள்.

"சார், என்ன அழகு! ஒரே வரிசை, பாதி ப்ளூ, பாதி பிங்க். எப்படிப் பண்ணீங்க?"

"நீலத்துக்குச் சுண்ணாம்பு மேடம். ரோஸுக்குப் படிகாரம்."

பேனா நின்றது. பிரமிளா நிமிர்ந்தாள். "மாத்திச் சொல்றீங்களா சார்? சுண்ணாம்பு போட்டா பிங்க்தானே வரும்?"

அவர் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார், மறுபக்கம் பிப்ரவரி மாசம் இருந்தது. காது மடல் சிவந்து, சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. அந்த அகலக் காலருக்குள் அது இறங்குவதை அவள் பார்த்தாள், பார்க்க வேண்டும் என்று இருந்தவளும் பார்த்தாள், போதுமான அளவு பார்த்தாள். அவர் திரும்பி அவளைத் தேடினார். அந்தப் பார்வையில் சந்தேகம் ஒரு துளி இல்லை. கூட்டத்தில் கை விட்டுப்போன பிள்ளை தேடுவது போல வெறுமனே தேடினார். அவள் வாய் திறந்தது.

"நீலத்துக்குத்தாம்மா படிகாரம். சலூன்ல தேய்க்குத அதே படிகாரந்தான், இடிச்சு, ஒரு குடத்துக்கு ரெண்டு கரண்டி. பூ வந்த பொறவு ஊத்தி ஒண்ணும் புண்ணியமில்ல, ஐப்பசிலேயே ஆரம்பிக்கணும், மொட்டு உள்ள இருக்கும்போதே. மாசத்துக்கு ரெண்டு தரம். அந்தப் பக்கம் அஞ்சுக்கும் நீத்த சுண்ணாம்பு, இந்த மண்ணு புளிப்பு, அத முறிச்சாத்தான் ரோஸு வரும். நடுச்செடிக்கு ஒண்ணும் போட மாட்டேன். ரெண்டு பக்கத்துலேருந்தும் கசிஞ்சு வாரத அதுவே குடிச்சுக்கிடும்."

மூச்சு வாங்கியது. இவ்வளவு நீளமாக வெளி மனிதர் முன்னால் அவள் பேசியதே இல்லை. பிரமிளா எழுதக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்துபோயிருந்தது. இதோ, இப்போது கேட்பாள்.

"சார்" என்று அவள் சிதம்பரநாதன் பக்கம் திரும்பினாள், "அம்மாவுக்கு எவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீங்க! உங்களுக்கே மறந்தாலும் அவங்களுக்கு அத்தனையும் ஞாபகம் இருக்கு பாருங்க." பிறகு உலகம்மாளைப் பார்த்துச் சிரித்தாள், நல்ல சிரிப்பு, கள்ளமில்லாத சிரிப்பு. "எல்லாம் சார் சொல்லிக் குடுத்ததாம்மா?"

கேட்டேவிட்டாள். கேட்க வேண்டிய கேள்வி வேறு திசையிலிருந்து வந்து நின்றது, பதில் அதேதான், ஒரே சொல். நாக்கு மேலண்ணத்துக்குப் போனது. அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றாள் உலகம்மாள். "அவுக சொல்லிக் குடுத்ததுதான்."

குரல் நடுங்கவில்லை, தயங்கவும் இல்லை. எத்தனையோ காலமாகப் பழகி வைத்திருந்த வாய்ப்பாடு போல அது வழவழவென்று வந்து விழுந்தது. சிதம்பரநாதனுக்கு மூச்சு திரும்பியது. வயசாயிட்டு மேடம், இப்பல்லாம் நாக்கு மாறிப் போகுது என்று சிரித்தார். பிரமிளாவும் சிரித்தாள். உலகு, காப்பி கொண்டா என்றார். உலகம்மாள் உள்ளே போனாள்.

அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். அவர் மேல் கோபம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. அந்தப் பெண் மேலும் வரவில்லை. தன் வாயைத்தான் அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. மரத்துப்போன இரண்டு விரல்களால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள், யாருடைய உதட்டையோ தொடுவது போலிருந்தது. வெளியே ஜீப்பின் கதவு திறந்து மூடியது. ராணுவக்காரர் போனை முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். என்ன சார், ரெண்டு கலர் என்று அவருடைய கனத்த குரல் கேட்டது. அதற்குச் சிதம்பரநாதன் ஜன்னலுக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னார், நீலத்துக்குப் படிகாரம், சலூன்ல தேய்க்குத அதே படிகாரந்தான் சார், ஐப்பசிலேயே ஆரம்பிக்கணும், மொட்டு உள்ள இருக்கும்போதே, நடுச்செடிக்கு ஒண்ணும் போட மாட்டேன், ரெண்டு பக்கத்துலேருந்தும் கசிஞ்சு வாரத அதுவே குடிச்சுக்கிடும். ஒரு வார்த்தை பிசகவில்லை. அவள் மூன்று டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தாள்.